பாவங் கழுவும் ஊரில் பொத்தகந் தருவார் யார்?

பொதியில் மலையை விட்டிறங்கும் பொருநை, சமநிலத்தைத் தொடும் இடத்தில் அமைந்தது பாபநாசம். 'தீவினையழிவு' என்று பொருள்படும் வடமொழிப் பெயரைச் சுமந்து நிற்கும் அவ்வூர்க்கு, ஆடிக் காருவா நாளிலும் பிற நாள்களிலும் பல்லாயிரவர் வந்து நீராடி, உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்கின்றனர். துணியோடு தீவினையும் போய்விடும் என்பது அவர்தம் நம்பிக்கை. தீவினை போயிற்றோ இல்லையோ, துணி போகவில்லை. அது படித்துறையடியிற் கிடந்து அழுகுகின்றது. அதனை வாரியெடுக்க ஆள் வைக்க வேண்டியுள்ளது.

உண்மையிலேயே அழிக்கவேண்டிய தீவினையொன்று அவ்வூரிலும் அதனையடுத்த ஊர்களிலும் கேட்பாரற்று வளர்ந்து வருகின்றது. எட்டாம் வகுப்பைக் கடந்த தமிழ்ப்பிள்ளை, பாடநூல் அல்லாத தமிழ்நூல் ஒன்றைத் தானே விரும்பி எடுத்து, முதல் ஏடு தொடங்கி இறுதி ஏடு வரை படித்து முடிப்பதென்பது அருகிவிட்டது. பத்து அகவையில் கதை கேட்டு மகிழ்ந்த அதே பிள்ளை, பதினைந்தில் தமிழ் எழுத்தை மதிப்பெண்ணுக்காக மட்டுமே பார்க்கின்றது. பதினெட்டில் அதற்கும் தேவையில்லாமற் போய்விடுகின்றது. ஒரு மொழி சாவது இறுதிப் பாவலன் இறக்கும் நாளிலன்று. அம்மொழியில் தன் விருப்பத்திற்குப் படிக்கும் இளையோன் இல்லாமற் போகும் நாளிலேயே அதன் சாக்காடு தொடங்கிவிடுகின்றது.

இக்கேடு வேறெங்கேனும் நிகழ்ந்தாலும் பொறுக்கலாம். பொருநைக் கரையில் நிகழ்வதைப் பொறுப்பது யாங்ஙனம்? பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்தவர் மாபாடியம் செய்த சிவஞான முனிவர். (அவர் வடநூற் பற்று எவ்வளவினதாயினும், தமிழில் அவர் நடத்திய சொற்போரின் கூர்மையை யாரே மறுப்பர்?) பத்துப்பாட்டுக்கு ஏடு தேடி உ.வே.சாமிநாதையர் வந்தடைந்த ஊர்களுள் ஒன்று, இதே ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள ஆழ்வார்திருநகரி. திருவரங்கம் பிள்ளையும் அவர் தம்பி வ.சுப்பையா பிள்ளையும் 1920-இல் நெல்லையில் தொடங்கிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகமே பின்னர்த் தமிழ்நாடெங்கும் தமிழ்நூல்களைக் கொண்டு சேர்த்தது. மறைமலையடிகள் தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்கள் சிதறிப்போகாமல், 1958-இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையம் என்னும் பெயரால் நிலைபெற்றதும் அக்கழகத்தின் செயலே. சங்கரன்கோயிலில் 1902-இல் பிறந்த மொழிஞாயிறு பாவாணரின் பெயரைத்தான் சென்னை மாவட்ட மைய நூலகம் இன்று தாங்கி நிற்கின்றது. நூலைத் தேடியவரும் காத்தவரும் பரப்பியவரும் தோன்றிய நிலம் இது. அந்நிலத்தில் இன்று, பள்ளி விட்டு வரும் பதினான்கு அகவைப் பிள்ளை மாலையில் எங்கே போகின்றது?

நூலகம் இல்லாமலில்லை. சட்டமும் இல்லாமலில்லை. விடுதலைக்குப் பின் இந்திய ஒன்றியத்தில் பொதுநூலகத்திற்கென முதன்முதல் சட்டம் செய்தது சென்னை மாகாணமே, ஆண்டு 1948. அச்சட்டத்தின் வழியே வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரியும் தண்டப்படுகின்றது. இன்று அது வரி உருபா ஒன்றுக்குப் பத்துக் காசு. மாடி வீட்டார் மட்டும் அதனைக் கட்டவில்லை. ஆர்வி கும்பினியார் 1880-களில் அருவி நீரின் விசையை நம்பி நாட்டிய பஞ்சாலையில் தலைமுறை தலைமுறையாய் நூல் நூற்றவர் கட்டினர். ஓட்டு வீட்டுத் திண்ணையில் மடியிலே முறம் வைத்துப் பீடி சுற்றும் தாயும் கட்டுகின்றாள். ஆகவே நூலகத்தில் ஒரு நல்ல பொத்தகம் கேட்கும் பிள்ளை இரவலன் அல்லன். அவன் தாய் விலையை முன்னரே கொடுத்துவிட்டாள்.

அவள் கொடுத்த காசுக்கு அவள் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன? மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எனத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 4,600 நூலகங்கள் உள்ளன. இவற்றுள் இளையோர்க்கென நடப்பனவற்றைச் சற்றே கூர்ந்து நோக்குக. கோடை விடுமுறையில் முகாம் நடக்கின்றது. அதில் வண்ணந் தீட்டுகின்றனர், தாள் மடிக்கின்றனர், கதை சொல்கின்றனர். நல்லதே, ஆனால் அது பத்து அகவையினர்க்கு உரியது. மீசை அரும்பும் பிள்ளையைக் காகிதக் கொக்குச் செய்யச் சொன்னால் அவன் அடுத்த நாள் வரமாட்டான். அடுத்தது நூலகக் கிழமை. நவம்பர் 14 முதல் 20 வரை, தோரணம் கட்டி மேடை போட்டுக் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி நடத்துவர். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடமாய் ஒப்பித்த பிள்ளைக்கு நெகிழிப் பெட்டியோ எவர்சில்வர்க் கிண்ணமோ பரிசு. ஒப்பித்த பிள்ளை அந்நூலகத்திலிருந்து ஒரு பொத்தகமேனும் எடுத்துப் படித்தானா என்று கேட்பார் இல்லை.

எஞ்சியது போட்டித்தேர்வுப் பிரிவு. இன்று எந்தக் கிளை நூலகத்திற்குள் நுழைந்தாலும், தலை குனிந்து குறிப்பெடுக்கும் இளைஞரைக் காணலாம். அவர் கையிலிருப்பது அரசுப் பணித் தேர்வுக்கோ 'நீட்டு'த் தேர்வுக்கோ உரிய வழிகாட்டி. அவர்களைக் குறைசொல்வது கொடுமை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வேறு அமைதியான இடம் ஏது? இருப்பினும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வினா விடையை உருப்போடுவது ஒருவகை உழைப்பு, அது படிப்பன்று. பணி கிடைத்த நாளில் அவ்வழிகாட்டி பழந்தாள் கடைக்குப் போகின்றது. அவ்விளைஞனும் நூலகத்தின் பக்கமே திரும்புவதில்லை.

ஆக, கோடை முகாமின் சிறுவனுக்கும் தேர்வுப் பிரிவின் இளைஞனுக்கும் இடையில், பதின்மூன்று முதல் பதினெட்டு வரை, ஒரு பெருவெளி கிடக்கின்றது. அறிவு விரியும் அகவை அது. நான் யார், என் இனம் எது, ஊரார் சொல்வதெல்லாம் மெய்யா என்னும் வினாக்கள் எழுவதும் அப்போதுதான். அவ்வகவையினர்க்கு எதுவும் இல்லை. அரசு 2022-இல் பள்ளி மாணவர்க்கென இரண்டு இதழ்களைத் தொடங்கியது. 'ஊஞ்சல்' நான்கு, ஐந்தாம் வகுப்பினர்க்கு. 'தேன்சிட்டு' ஆறு முதல் ஒன்பது வரை. பாராட்டுக்குரிய முயற்சி. ஆனால் ஒன்பதோடு நின்றது ஏன்? பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பிள்ளை படிப்பதை நிறுத்திவிட்டுத் தேர்வெழுத வேண்டும் என்பது அரசே ஒப்புக்கொண்ட முடிபு போலும்!

இதற்கெல்லாம் கரணியம் கைப்பேசியே என்று கைவிரிப்பது இக்காலத்து வழக்கம். கைப்பேசி வந்தது நேற்று. அதற்கு முன்னர்த் தொலைக்காட்சியைச் சொன்னார்கள். அதற்கு முன்னர்த் திரைப்படத்தை. பிள்ளை கைப்பேசியை எடுப்பது, அது எப்போதும் திறந்திருப்பதால். நூலகம் எப்போதும் திறந்திருப்பதில்லை. பள்ளி விட்டு, பேருந்தேறி, மலையடி ஊர்க்கு வந்து சேரும் பிள்ளைக்கு மாலைப் பொழுதிற் சிறிதளவே எஞ்சுகின்றது. சில மணி நேரமே திறக்கும் பகுதிநேர நூலகத்தின் கதவு அப்போது திறந்திருக்குமா? காரையாற்றுப் பக்கம் காட்டிற்குள் வாழும் காணிக்காரர் வீட்டுப் பிள்ளையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பொழுது சாய்ந்தபின் அவனுக்கு வண்டியும் இல்லை, வழியும் இல்லை. பெண்பிள்ளையின் நிலையோ கேட்கவே வேண்டா. செய்தித்தாள் விரித்து ஆடவர் நிறைந்திருக்கும் ஒற்றை அறைக்குள், கழிப்பிடமும் இல்லாத கட்டடத்திற்குள், எந்தத் தாய் தன் மகளைத் தனியே விடுவாள்? ஊராட்சிதோறும் நூலகம் என்று 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ்க் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுட் பல பின்னாளிற் பூட்டுத் தொங்கிக் கிடந்ததைத் தமிழ்நாடே கண்டது. சுவர் எழுப்புவதற்கு ஒப்பந்தக்காரர் உண்டு. உள்ளே ஒரு பிள்ளையை உட்கார வைத்துப் படிக்கச் செய்வதற்கு ஒப்பந்தக்காரர் இல்லை.

முன்னொரு காலத்தில் இதே தமிழ்நாட்டில் நிலைமை வேறாயிருந்தது. தெருமுனையிலே கீற்றுக் கொட்டகையொன்று; உள்ளே ஒரு விசிப்பலகை, நான்கைந்து நாளிதழ், கிழமையிதழ், சில சிறுவெளியீடு. அதற்குப் படிப்பகம் என்று பெயர். எழுதப் படிக்கத் தெரிந்த சிறுவன் உரக்கப் படிப்பான். நெசவாளியும் வண்டியோட்டியும் முடிதிருத்துநரும் சுற்றியமர்ந்து கேட்பர். படித்து முடித்ததும் சொற்போர் தொடங்கும். அச்சிறுவனுக்கு யாரும் பரிசு தரவில்லை. தன் குரலைப் பெரியவர் கேட்கின்றனர் என்பதே அவனுக்குப் பரிசாயிருந்தது. பிழையாய்ப் படித்தாற் கேலி செய்வர். ஆதலால் மறுநாள் திருத்திப் படித்தான். 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மாணாக்கர் பாடநூல் படித்து அவ்வுணர்வைப் பெற்றவர் அல்லர். அவருள் எத்துணையோ பேர் படிப்பகப் பலகையில் அமர்ந்து வளர்ந்தவர். கட்சிகள் ஆட்சிக்கட்டில் ஏறின. படிப்பகங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. கொடிக்கம்பங்கள் மட்டும் அவ்விடத்தே உயரமாய் நிற்கின்றன.

நூலகம் என்பது தமிழினத்திற்கு எத்தன்மையது என்பதை அதன் பகைவர் நன்கறிவர். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1933-இல் ஒரு தமிழர் தம் வீட்டில் எளிமையாய்த் தொடங்கிய முயற்சியினின்று வளர்ந்தது. 1981-ஆம் ஆண்டு மே இறுதி நாளிரவில் சிங்களக் காவல்துறையினரும் காடையரும் அதற்குத் தீயிட்டனர். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஏன் கடைத்தெருவை எரித்ததோடு அவர் நிறைவுறவில்லை? பொத்தகத்தை எரித்தால் இளந்தலைமுறையின் முதுகெலும்பு எரியும் என்று அவர் கணக்கிட்டனர். அங்கே பகைவன் எரித்தான். இங்கே பகைவனுக்கு அவ்வேலையும் மிச்சம். கறையான் இருக்கின்றது, பூட்டு இருக்கின்றது, போட்டித்தேர்வு இருக்கின்றது.

தொலைவிற் போக வேண்டா. பாபநாசத்தில் நின்று மேற்கே நோக்கினால் தெரியும் மலைமுகட்டிற்கு அப்பால் இருப்பது பண்டைச் சேரநாடு. அங்கே பி.என்.பணிக்கர் என்னும் பள்ளியாசிரியர் 1945-இல் 47 சிற்றூர் நூலகங்களை ஒன்றிணைத்து நூலக இயக்கம் கண்டார். அவர் மறைந்த நாளாகிய சூன் 19-ஐ அந்நாடு படிப்பு நாளாகக் கொண்டாடுகின்றது. அங்குள்ள நூலக மன்றம் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர்க்கெனப் படிப்புப் போட்டி நடத்துகின்றது. குறித்த நூல்களை மெய்யாகவே படித்தவனன்றி அப்போட்டியில் நிற்க இயலாது. ஒப்பிப்போனுக்கு அங்கே வேலையில்லை. ஒரே மழை, ஒரே மலை. அச்சரிவில் படிப்பு முளைக்கின்றது, இச்சரிவில் நெகிழிப் பெட்டி முளைக்கின்றது. கடல் கடந்து நோக்கினும் இதுவே செய்தி. நியூயார்க்கு நகரப் பொதுநூலகம் 1929 முதல் பதின்பருவத்தார்க்கென்றே நூற்பட்டியல் அணியம் செய்து வெளியிட்டது. சிங்கப்பூர் அரசு 2005-இல் நாடளாவிய படிப்பியக்கம் தொடங்கியபோது, அங்குச் சிறுபான்மையராகிய தமிழர்தம் மொழிக்கும் அதில் இடம் தந்தது. தமிழ் பெரும்பான்மையாயுள்ள நாட்டில் தமிழ்ப்பிள்ளைக்கு ஒரு பட்டியலும் இல்லை.

இனித் தனித்தமிழ் அன்பர்க்கும் சில சொல்ல வேண்டும்; அவர் சினந்தாலும் சினக்க. பிள்ளை பேசும் கலப்புத் தமிழைக் கேட்டுக் காது பொத்துவோர் பலர். அவன் கையில் தூய தமிழில் ஒரு விறுவிறுப்பான கதைநூலைக் கொடுத்தவர் எத்தனை பேர்? 'வாசகர் வட்டம்' என்னும் பலகையைக் கண்டு, படிப்பாளர் வட்டம் என்று எழுதுக என ஓலை விடுகின்றனர். நன்று, எழுதட்டும். (வாசிப்பு என்பது வடசொல்லோ தென்சொல்லோ என அறிஞர் வழக்காடலாம்; படிப்பு என்பதில் வழக்கில்லை.) ஆனால் அவ்வட்டத்திற்குள் எட்டிப் பார்த்தால், அமர்ந்திருப்போர் அனைவரும் ஓய்வூதியர். நாற்பது கீழ் ஒருவரில்லை. பலகை திருந்தியும் பயனென்னை? தனித்தமிழ் வெளியீடுகளில் மிகப்பல பண்டிதர் பண்டிதர்க்கு எழுதியவை. பதினைந்து அகவையினன் கேட்பதோ விண்கலம், காடு, குற்றப் புலனாய்வு, கால்பந்து, தன் உடலைப் பற்றியும் காதலைப் பற்றியும் நாணமின்றிச் சொல்லும் மெய்யுரை. இவற்றைத் தமிழில் தராமல், இவனுக்குத் தமிழுணர்வு இல்லை என்று பழிப்பது, சோறு வைக்காமல் பசியில்லை என்று பழிப்பதை ஒக்கும். 1959-இல் 'தென்மொழி' தொடங்கிய பாவலரேறு பெருஞ்சித்திரனார் சிறுவர்க்கெனத் 'தமிழ்ச்சிட்டு' நடத்தினார். அவர்க்குப் புரிந்தது, அவர் வழியினர் என்று சொல்லிக்கொள்வார் பலர்க்குப் புரியவில்லை.

பாபநாசம் போன்றதோர் ஊரின் நூலகத்தில் என்ன செய்யலாம்? மேடை வேண்டா, விருந்தினர் வேண்டா. ஞாயிறு மாலை மூன்று மணி நேரம் அறையை இளையோர்க்கே விட்டுவிடுக. மாதம் ஒரு நூல். அதனை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், பெரியவர்க்குப் பிடிக்காத நூலாயினும். உரக்கப் படிக்கட்டும், மறுத்துப் பேசட்டும், பாதியில் நிறுத்திப் 'பிடிக்கவில்லை' என்று சொல்லவும் உரிமை இருக்கட்டும். நூலகர் காவலராக இராமல் உடன்படிப்பவராக இருந்தாற் போதும்.

அதனோடு அவர் செய்தற்கேற்ற பணியொன்று உண்டு. அது சொல் வேட்டை. பாவாணர் 1974 முதல் சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணிக்கு இயக்குநராயிருந்தார். அகரமுதலிக்கு எட்டாத சொற்கள் இன்றும் பொருநைக் கரையில் உயிரோடு உலவுகின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் எனத் தொடங்கித் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இவ்வாற்றில் உள்ளன. அவற்றினின்று பிரியும் கால், மடை, மறுகால், மதகு ஆகியவற்றின் ஒவ்வோர் உறுப்புக்கும் உழவரிடம் ஒரு பெயர் இருக்கும். காரும் பிசானமும் என்று இரு பருவம் பயிரிடும் நிலம் இது. 'பிசானம்' என்றால் என்னவென்று நெல்லைப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்க. விடை வருத்தந் தரும். பத்தமடையிற் கோரை கிழித்துப் பாய் நெய்வோரிடமும், காருகுறிச்சியில் மண் பிசைவோரிடமும், மலைமேற் கிழங்கும் தேனும் அறிந்த காணிக்காரரிடமும், பஞ்சாலையில் ஓய்வு பெற்ற முதியவரிடமும் பிள்ளைகள் ஏடும் எழுதுகோலுமாய்ச் செல்லட்டும். ஒரு கருவிக்கு எத்தனை உறுப்பு, ஒவ்வோர் உறுப்புக்கும் பெயரென்ன, அப்பெயர் எந்த வினையினின்று பிறந்தது என்று கேட்டெழுதட்டும். அச்சுவடி நூலகத்திலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதனைத் திருத்திப் பெருக்கட்டும். கைப்பேசியை எறிய வேண்டா. பாட்டி சொல்வதைப் பதிவு செய்ய அதுவே கருவியாகும். பாட்டியிடம் சொல் கேட்கப் போன பிள்ளை, அச்சொல் நூலில் உண்டா என்று தேட நூலகத்திற்குத் தானே திரும்பி வரும். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்மணி பொது ஊழிக்கு முன் 1155-ஆம் ஆண்டினது என்று 2021-இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அந்நெல்லை விளைத்த நிலத்தின் உழவுச்சொற்களைத் திரட்டும் பிள்ளைக்கு, தமிழின் தொன்மையைப் பற்றி வேறொருவர் சொற்பொழிவாற்றத் தேவையில்லை.

இதற்குக் கோடிகள் வேண்டா. ஆயினும் காசே இல்லை என்று அலுவலர் சொன்னால், அதனை நம்பிவிடலாகாது. உள்ளாட்சிகள் மக்களிடம் தண்டிய நூலக வரியை நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பிக்காமல் நிலுவை வைப்பது தமிழ்நாட்டிற் பன்னெடுநாளாய் நடந்துவரும் வழக்கம். பீடி சுற்றும் தாயின் பத்துக் காசு எந்தக் கணக்கில் தங்கியிருக்கின்றது என்று கேட்பதற்கு ஒவ்வோர் ஊரிலும் நால்வர் போதும். பாபநாசத்தும் விக்கிரமசிங்கபுரத்தும் அம்பையினும் வாழும் தனித்தமிழ் அன்பர் முதலில் நூலக உறுப்பினராகுக. தம் பிள்ளைகளையும் ஆக்குக. நகராட்சிக்கும் மாவட்ட நூலக அலுவலர்க்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுக்க. அதில் நான்கைந்து வரி போதும். ஞாயிறு மாலை இளையோர்க்கென நூலகம் திறந்திருத்தல். பெண்பிள்ளைகள் அச்சமின்றி வந்து போகக் கழிப்பிடமும் விளக்கும். பதின்மூன்று முதல் பதினெட்டு அகவையினர்க்கென ஒரு தனி நிலைப்பேழை, அதற்குரிய நூல்களை அவர்களே பட்டியலிடும் உரிமை. வருகின்ற நூலகக் கிழமைக்கு ஒதுக்கும் மேடைச் செலவு முழுமையும் அப்பேழைக்கு. பரிசு கொடுத்தே தீரவேண்டுமெனில் பொத்தகமாய்க் கொடுக்கட்டும். நெகிழிப் பெட்டி வேண்டா.